தட்டின் அடியில் இருந்த எண்

எனக்குப் போர்களின் மீது பைத்தியம். சென்னையில் கல்லூரி முடித்து, நிலத்தைப் பார்த்துக்கொள்ள உத்திரமேரூருக்குத் திரும்பியபோது இரண்டு பெட்டி நிறையப் போர் வரலாற்றுப் புத்தகங்கள் கொண்டுவந்தேன். வந்தவாசிப் பக்கம் ஏர் ஓட்டும்போது கிளம்பும் பீரங்கிக் குண்டுகள், உலகப் போரில் பர்மாவிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் மிஞ்சிய பொத்தான், பெல்ட், தோட்டாக் கூடு என்று தேடித் தேடிச் சேர்த்தேன். அவற்றுக்காகவே கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் என்னைத் "துப்பாக்கி தொடாத கர்னலு" என்பார்கள். அதுகூட எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் கழனிக்கு நடவுக்கு வரும் ஓர் அம்மாவின் மகன் பர்மாவில் இறந்தவன். உடல் வரவில்லை. படமும் கிடையாது. பட்டாளத்தில் சாப்பிடக் கொடுக்கும், கைப்பிடி மடங்கும் தகரத் தட்டு ஒன்றை, அவனோடு இருந்த சிப்பாய் ஒருவன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். போகிதோறும் அந்த அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அதிலேயே சோறு போட்டு மகனுக்குப் படைப்பார். அதை நான் கேட்டேன். ஆண்டை வீட்டுப் பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்ல அன்று அவர்களால் முடியாது. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றுதான் வாங்கினேன். சாவுச் செய்தி வந்த கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

சிப்பாயின் எண் தெரியவேண்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தட்டைத் தேய்த்தேன். பத்து வருஷத்து மஞ்சள் கிணற்றடியில் கரைந்து ஓடியது. அடியில் ஆணியால் குத்திய எண் தெரிந்தது. கடிதத்தில் இருந்த எண் அது இல்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்டுபிடித்துவிட்ட மமதை விடவில்லை. மறுநாள் வாசலில் நின்றவரிடம் சொன்னேன்.

"இது உன் மகனுது இல்ல. நம்பர் வேற."

"நல்லா பாத்தீங்களா சாமி?"

"ரெண்டு தடவ பாத்தேன். இது வேற எவனோ சிப்பாயிது."

"அவனப் பெத்தவ கையில ஒண்ணும் இல்லாம குந்திக்கினு கீறாளோ இன்னாவோ. நம்பருதான் கீதே. எழுதிப் போட்டு அவகிட்ட சேத்துடுங்க சாமி" என்றார்.

சரி என்றேன். தட்டு அலமாரிக்குள் போனது.

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வரும்போதெல்லாம் கேட்பார். "பதிலு வந்துச்சா சின்னாண்ட?" கவர்மெண்டு காரியம், லேட்டாகும் என்பேன். பட்டாள ஆபீசுக்கு நான் ஒரு கார்டுகூட எழுதவில்லை. எழுதினால் தட்டைக் கொடுக்கவேண்டி வரும். எண்ணோடு என்னிடம் இருந்த ஒரே பொருள் அது. ஒரு போகிக்கு முன்னால், கேள்விக்குப் பயந்து, "அனுப்பிட்டேன்" என்றேன்.

"அவ இன்னா சொன்னா?"

"ரொம்ப அழுதாங்களாம்."

"அழுவட்டும்." அவர் முகம் தெளிந்தது. "அங்க அவ படைக்கறப்ப எம்புள்ளைக்கும் ஒரு வாயி போவும்."

அவர் இறந்த பிறகுதான் எழுதினேன். இருபது நாளில் பதில் வந்துவிட்டது. அந்தச் சிப்பாயின் ஊர் பெருநகர் என்ற ஊரைத் தாண்டி, பஸ்ஸில் ஒரு மணி நேரம். தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். அவன் தாய் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பி மட்டும் இருந்தார். இரண்டு கையாலும் வாங்கி, எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"எதுனா ஒண்ணு வந்து சேருமானு எங்கம்மா சாவற வரைக்கும் கேட்டுக்கினே இருந்துச்சு. இத்தினி நாளா இது எங்க சார் இருந்துச்சு?"

"இப்பத்தான் கெடைச்சுது" என்றேன்.

அவர் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.