வோட்காவில் முங்கிய டிகிரி மீட்டர்

விஜயலட்சுமி அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. எங்கள் பக்கத்து வீடு. பதினான்கு வருஷம் மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு தூக்கியவர். தூக்கிக்கொண்டே ஒரு பந்தயமும் ஆடினார். உப்பளத்தில் மீட்டர் பார்த்துவந்த நடராசன் தாத்தா பாத்தித் தண்ணீரில் டிகிரி மீட்டரை விட்டு எண்ணைச் சொல்வதற்குள் அக்கா ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். தோற்றவர் டீ வாங்க வேண்டும். தாத்தாவின் கண்ணில் புரை விழுந்த வருஷம் வரைக்கும் டீ வாங்கிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் தாத்தாதான்.

டிகிரி மீட்டர் என்பது முக்கால் முழ நீளக் கண்ணாடிக் குழாய். தண்ணீரில் உப்பு ஏற ஏற மேலே எழும்பி நிற்கும். இருபத்தைந்தில் உப்பு விளையத் தொடங்கும். இருபத்தொன்பதைத் தாண்டிவிட்டால் மிச்சத் தண்ணீர் கசந்துபோகும். உடனே மடையைத் திறந்து வடிக்காவிட்டால் பாத்தி முழுக்கக் கசப்பு உப்புதான்.

இந்த சீசனில் முதலாளி ஜெயசீலன் மீட்டரை அக்காவிடம் கொடுத்தார். "மே மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன், அப்புறம் மீட்டர் உனக்கே. ஒரு பாத்தி கசந்துதுன்னாலும் என் மச்சான் வேல்முருகன் கைக்குப் போயிடும், சொல்லிட்டேன்." மச்சானுக்கு அது போதும். தினமும் வரப்பில் நின்று விரல்விட்டு நாள் எண்ணினான். மே முடிய ஆறு நாள் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வோட்கா பாட்டிலோடு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். நாலு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வெளியே போகலாமென்றால் கத்திரி வெயில். பாட்டில் ஏர்போர்ட்டில் வாங்கியது.

"குடிச்சா வாடை வராதாமே?" என்றார் அக்கா.

"அவ்வளவா வராதுக்கா. எலுமிச்சை பிழிஞ்சு கலந்தா சுத்தமா தெரியாது."

"அப்போ செய்யி. நாளைக்கு அஞ்சு மணிக்குத்தான் எனக்கு வேலை."

அக்காவின் வீட்டுக்காரர் அசோகன் அண்ணன் உப்பளத்தில் மோட்டார் பார்ப்பவர். ஒரு சொட்டுக் குடிக்காதவர். "நான் குடிக்க மாட்டேன். ஆனா வேலை எல்லாம் நான்தான் செய்வேன்" என்று அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டு எலுமிச்சை, இரண்டு சாத்துக்குடி பிழிந்தார். நாரத்தங்காயின் தோலை மட்டும் துருவினார். புதினாவைக் கசக்கினார். ஜக் கிடையாது. நான் பரிசாகக் கொடுத்த உயரமான கண்ணாடிப் பூச்சாடிதான் பாத்திரம்.

கிளாஸ் விளிம்பில் எலுமிச்சையைத் தடவி உப்பில் ஒற்ற வேண்டும் என்றேன். அண்ணன் கடை உப்புப் பாக்கெட்டை எடுத்தார். அக்கா அவர் கையிலேயே ஒன்று போட்டார்.

"நம்ம வூட்ல பாக்கெட் உப்பா? தெரிஞ்சா ஊரே சிரிக்கும்யா!"

பானையிலிருந்து கல்லுப்பை அள்ளித் துணியில் மூட்டை கட்டி, பூரிக்கட்டையால் நொறுக்கினார். நான் பாட்டிலைத் திறந்து பூச்சாடியில் ஊற்றினேன்.

"எவ்ளோ ஊத்தின?"

"ஒரு குத்துமதிப்பாதான்கா."

"குத்துமதிப்பா? நான் குத்துமதிப்பா உப்பு எடுத்தா மொதலாளி என்னை உப்புலயே பொதைச்சிடுவாரு. இரு."

பிளாஸ்டிக் குழாய்க்குள் பஞ்சு வைத்துப் பத்திரமாக வைத்திருந்த மீட்டரை எடுத்தார், கழுவினார், துடைத்தார். பூச்சாடிக்குள் இரண்டு விரலால் இறக்கினார். விட்டார்.

டொக்.

மீட்டர் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

மூன்று பேரும் பூச்சாடியைப் பார்த்தோம். அக்கா பூச்சாடியை இரண்டு கையாலும் பிடித்தார். "முங்கிடுச்சு. நல்ல தண்ணியிலகூட ஜீரோவுல நிக்கும். இது முங்கிடுச்சுடி! எங்கியோ ஓட்டை!"

"இடுக்கி எடு" என்றார் அண்ணன்.

"இடுக்கி வெச்சா ஒடைஞ்சிடும்யா!"

"அப்போ கரண்டி!"

"மீட்டர் என்ன, போண்டாவா?"

கடைசியில் பூச்சாடியைச் சாய்த்துக் குண்டானில் ஊற்றி மீட்டரை எடுத்தோம். உடையவில்லை. பக்கெட்டில் உப்பைக் கரைத்து விட்டுப் பார்த்தோம், நின்றது. அக்காவுக்கு அதுவும் போதவில்லை.

"நிக்குது. ஆனா காட்டற நம்பர் சரியா தப்பா? மூணாம் பாத்தி, நாலாம் பாத்தி ரெண்டும் நேத்து சாயங்காலம் இருபத்தெட்டு. அங்க விட்டுப் பாத்தாதான் நம்புவேன். வண்டியை எடு."

குண்டானை ஃப்ரிட்ஜில் தள்ளினோம். ஒருவர் நாக்கிலும் ஒரு சொட்டுப் படவில்லை, ஆனால் குடித்தவர்களைப் போல மூன்று பேர் ஒரே மொபெட்டில் ஆடிக்கொண்டு போனோம். நடுவில் அக்கா, மீட்டரைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

வெள்ளை வெயிலில் உப்பளம் கண்ணைக் குத்தியது. மேல்காற்று அடுப்பு ஊதுவதைப் போல அடித்தது. அக்கா மூன்றாம் பாத்தியில் மீட்டரை விட்டார். இருபத்தொன்பதரை. நாலாம் பாத்தியிலும் அதே.

"பாத்தியா, தப்பாக் காட்டுது" என்றார் அண்ணன்.

"இல்லன்னா நெசமாவே ஏறியிருக்கணும்" என்றார் அக்கா. மீட்டர் தப்பு என்றால் மடையைத் திறப்பது நல்ல தண்ணீரை வீணாக்குவது. மீட்டர் சரி என்றால் திறக்காதது இரண்டு பாத்தியையும் கசக்க விடுவது. முதலாளிக்குப் போன் போட்டார். விழுப்புரத்தில் கல்யாணத்துக்குப் போனவர் எடுக்கவில்லை.

அக்கா மீட்டரைத் துடைத்தார். பிறகு விறுவிறுவென்று கடல் தண்ணீர் வரும் வாய்க்காலுக்கு நடந்தார். "நேத்து இங்க நாலு." மீட்டரை விட்டார். நாலு.

"மீட்டர் சரி! பாத்திதான் ஏறிடுச்சு! மடையைத் தொறங்க!"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. "அக்கா, வோட்கா தண்ணியைவிட லேசு. அதனாலதான் முங்கிச்சு."

"இதை வூட்லயே சொல்லக் கூடாதா?" என்று அண்ணன் மண்வெட்டியோடு கத்தினார்.

"சொல்லியிருந்தா நாளைக்குத்தானே வந்திருப்போம்!" என்று அக்கா திருப்பிக் கத்தினார்.

மூன்றாம் பாத்தியின் மடையைத் திறந்து தண்ணீர் ஓடும்போது மோட்டார் கொட்டகையிலிருந்து வேல்முருகன் ஓடி வந்தான். "யாரைக் கேட்டுத் தொறக்கறீங்க?"

"மீட்டரைக் கேட்டு."

அவன் மூக்கை உறிஞ்சினான். "என்ன, எலுமிச்சம்பழ வாசனை?"

"மீட்டருக்குக் கண்ணு பட்டுடுச்சுப்பா. சுத்திப் போட்டோம்."

நாலாம் பாத்தி மடையின் மேல் அவன் ஏறி உட்கார்ந்துகொண்டான். மாமா வராமல் எழுந்திருக்க மாட்டானாம். அண்ணன் தூக்கிப் பார்த்தார், எடை அதிகம். அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறக்க அக்கா விடவில்லை. "மொதலாளி வாயால கேக்காம எனக்குத் தண்ணிகூட எறங்காது."

திங்கட்கிழமை காலை முதலாளி வந்தார். மூன்றாம் பாத்தியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். தலையாட்டினார். நாலாம் பாத்தியில் ஒரு சிட்டிகை. துப்பினார். மறுபடியும் துப்பினார்.

"இதை மூடி வெச்சது யாரு?"

வேல்முருகன் வானத்தில் பறவை பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "விஜயலட்சுமி, இன்னைக்குத் தேதி என்ன?"

"இருபத்தாறுங்க."

"மே மாசம் முடிஞ்சிடுச்சுன்னு வெச்சுக்க."

நாற்பத்தொரு வயது மனுஷி, மீட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினார். "ஒடைஞ்சிடும்டி, ஒடைஞ்சிடும்டி" என்று பின்னாலேயே அண்ணன் ஓடினார்.

சாயங்காலம் குண்டானில் சர்க்கரை கரைத்தோம், ஐஸ் போட்டோம், சோடா ஊற்றினோம். முதல் வாய்க்கு அக்கா ஒரு கண்ணை மூடினார், இரண்டாவதற்கு இரண்டையும் மூடினார், மூன்றாவதற்குக் கிளாஸை என்னிடம் நீட்டினார். "ஊத்து. குத்துமதிப்பா ஊத்து." வெறும் எலுமிச்சை ஜூஸ் குடித்த அசோகன் அண்ணன்தான் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பாட ஆரம்பித்தார்.