பதினைந்தாவது பெயர்

தங்கையின் வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போடுவது டைப்பம்மாவின் வேலை. காலரில் ஆரம்பிப்பாள்; பையில் பேனாக் கறை இருந்தால் அதற்கு ஒரு வசவும் சேரும். தங்கை, இயக்கம் நடத்தும் பிரசவ விடுதியில் மருத்துவச்சி. இயக்கத்தின் கொள்கை என்னவென்று கேட்டால் முழிப்பாள். எந்தக் கட்டிலில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

டைப்பம்மாவுக்கு வெளியுறவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம். அம்மா போனபின் தங்கையைப் படிக்க வைத்ததும், தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அதுவே பழகிப்போனதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். தட்டச்சுப் பொறி போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அவள் பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த வாரம் பல நாட்டுத் தூதர்கள் அங்கே கூடி, இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவிப்பதா வேண்டாமா என்று விவாதித்தார்கள். விவாதம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் முதல் நாள் போனது. ஏசி அதிகமா குறைவா என்பதில் இரண்டாம் நாளில் பாதி. மூன்றாம் நாள் காலை பார்த்தால், அறிவிப்பது என்று முடிவாகியிருந்தது. எப்போது, எப்படி என்று டைப்பம்மாவுக்கே தெரியாது. காபி இடைவேளையில் நடந்திருக்கும்.

மிச்சம் இருந்தது துணை அமைப்புகளின் பட்டியல். அதில் ஏறும் இடத்துக்கு மறுநாளே பூட்டு. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு விசாரணை, முடிந்தால் சிறை. மொத்தம் இருபது பெயர். பதினாறாவது, தங்கையின் பிரசவ விடுதி.

“இருபதும் வேணும்,” என்றது ஒரு பக்கம்.

“பத்துக்கு மேல எங்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க,” என்றது மறுபக்கம்.

சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூட ஒருவர் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். இங்கே எதில் துப்பாக்கி இருக்கிறது, எதில் தொட்டில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் இரண்டில் துப்பாக்கி இருந்தது ஊருக்கே தெரியும். மற்றதெல்லாம் எண்ணிக்கைக்கு. பேரம் பதினைந்தில் படிந்தது.

“கடைசி அஞ்ச எடுத்துடுங்கம்மா,” என்றார் தலைமை தாங்கிய அதிகாரி.

அவர் வாய் மூடுவதற்குள் டைப்பம்மா எடுத்துவிட்டாள். மூன்று நாளாக இறங்காத மூச்சு இறங்கியது.

அப்போது ஒரு நெட்டைத் தூதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “ஒன்பதாவது ஆஸ்பத்திரிதானே? போன வருஷந்தான் எங்க மந்திரி அதுக்கு ரிப்பன் வெட்டினார். போட்டோவெல்லாம் வந்திருக்கு.”

அறையே பதறிவிட்டது. ஒரு மந்திரியின் போட்டோவுக்கு ஆபத்து என்றால் சும்மாவா? ஒன்பதாவது போனது.

“இப்ப பதினாலுதான் இருக்கு.”

“பதினஞ்சுன்னு பேசியாச்சே. அடுத்ததச் சேத்துக்கோங்கம்மா,” என்றார் அதிகாரி.

“சார், அது பிரசவ விடுதி.”

“அதனால என்ன? வரிசைப்படி அதுதானே வருது?”

“பதினாலோட விட்டா என்ன சார்?”

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் கேட்ட முதல் கேள்வி. இரண்டு பேர் சிரித்தார்கள். “அப்புறம் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு நாலு மணிக்கு ஃப்ளைட்,” என்றார் நெட்டையர்.

அவள் அடித்தாள். கை நடுங்கியது என்று பின்னால் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தங்கை ராத்திரி ஷிப்டுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குப் போகாதே. இனிமேலே போகாதே. பட்டியல்ல உங்க விடுதி இருக்கு.”

தங்கை சீப்பை மேஜையில் வைத்தாள். “எங்க விடுதியா? அங்க தாயையும் குழந்தையையும் தவிர யாரு அக்கா கத்துறாங்க?”

“வேடிக்கை பேசாதே. காலையில பூட்டிடுவாங்க. உள்ள இருந்தா உன்னையும் இழுத்துட்டுப் போவாங்க.”

“மூணு பேருக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பூட்டறவங்க வந்து பிரசவம் பாப்பாங்களா?” பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு ஏதோ தோன்றியவள்போல நின்றாள். “ஏன்க்கா, அந்தப் பட்டியல நீயா அடிச்சே?”

டைப்பம்மா மேஜையில் கிடந்த சீப்பை எடுத்து, சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக உருவினாள்.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.