பத்து மெமரி கார்டும் முதலாளியின் கணக்கும்

ஸ்டெல்லா டீச்சர் லெப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு உட்காராமலே நின்றார்.

"புஷ்பம், இது தொறக்கவே மாட்டேங்குது. ஓ.எல். பரீட்ச நெருங்கிருச்சு. பாடமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

அந்த லெப்டொப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாட்டியது நான். மாட்டச் சொன்னது எங்கள் முதலாளி.

இலங்கையின் தேயிலை மலைகளுக்கு நடுவே, ஹட்டனில் ஒரே கடையில் போனும் கொம்பியூட்டரும் பழுது பார்த்தே தலை நரைத்தவள் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. எதைச் செய்யக்கூடாது என்பதற்கு எங்களிடம் முதலாளி தங்கவேல் இருந்தார்.

பிஸ்கட் டின்

ஒரு காலத்தில் கடைக்கு நல்ல வரும்படியே மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான். பிறகு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற பிள்ளைகளும் இன்டர்நெட்டில் பாட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி கொழும்பிலிருந்து மலிவாக அள்ளி வந்த கார்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறையத் தேங்கிப்போயின. அந்த டின் கண்ணில் பட்டாலே மனிதர் பெருமூச்சு விடுவார்.

டொலர் ஏறி, வேகமான எஸ்.எஸ்.டி. டிரைவின் விலை எட்டாத உயரத்துக்குப் போன சமயத்தில், ஒரு பச்சை போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அளவுதான். அதில் மெமரி கார்டு செருகப் பத்து ஸ்லாட். பத்தையும் நிரப்பினால் கொம்பியூட்டர் அதை ஒரே பெரிய டிரைவாக எடுத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டலாம்.

வேலை செய்ததா என்றால், செய்தது. முன்பு தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை காக்க வைத்த ஒரு பழைய மெஷின், இதை மாட்டியதும் சுறுசுறுப்பாக எழுந்தது. முதலாளி தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த போர்டு ஒவ்வொரு பைலையும் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டு முதல் கார்டுக்கு, அடுத்தது அடுத்த கார்டுக்கு என்று பங்கு வைக்கும். பத்துப் பேர் சேர்ந்து தூக்குவதால் சுமை சீக்கிரம் போய்ச் சேரும். ஆனால் முழு பைல் எந்தக் கார்டிலும் இருக்காது. ஒன்று படுத்தால் எல்லா பைலிலும் ஓட்டை விழும்.

இதைச் சொன்னேன். "மொதலாளி, ஒன்னு போனா எல்லாமே போயிருங்க."

"ஏம்மா, காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு ஒருத்தி வரலேன்னா மல சும்மாவா கெடக்கு? பக்கத்து நிரைக்காரி அவ நிரையையும் சேத்துக் கொழுந்து எடுக்கல? மிச்ச ஒம்பது கார்டும் பாத்துக்கிரும்."

"கார்டுக்குப் பக்கத்து நிர தெரியாதுங்க."

"நீ ரொம்பப் பயப்படுற. தோட்டத்து ஆளுகளுக்கு இது போதும்."

இந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு ஆறவில்லை. அவர் பிறந்ததும் லயத்தில்தான். டவுனில் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்றே அது மறந்துவிட்டது. தோட்டத்து மேனேஜர் தொரையின் பங்களா லெப்டொப்புக்கு மட்டும் பெட்டி பிரிக்காத கொம்பனி எஸ்.எஸ்.டி. போட்டார். அதற்குப் பெயர் மரியாதையாம். ஸ்டெல்லா டீச்சருக்குப் பிஸ்கட் டின்.

மிச்சம் ஒன்பது

டீச்சர் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். சுற்றியிருந்த தோட்டங்களில் கணிதத்துக்கு வேறு ஆள் இல்லை. அதனால் பாடங்களைப் போனில் வீடியோ எடுத்து, லெப்டொப்பில் சேர்த்து, கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஏற்றிக் கொடுப்பார். போன் நிறைந்ததும் அதிலிருப்பதை அழித்துவிட்டு அடுத்த பாடம் எடுப்பார். லெப்டொப் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று எங்களிடம் கொண்டு வந்தது அவர் செய்த ஒரே தப்பு.

பாடங்களை மாற்றி ஏற்றிப் புது டிரைவை மாட்டும்போதே, "இன்னொரு கொப்பி வச்சுக்கங்க டீச்சர்" என்றேன். முதலாளி குறுக்கே விழுந்து, "அவ கெடக்குறா, பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, வழித்துத் துடைத்து, வேறு யாருக்கோ விற்றும் விட்டார்.

இப்போது லெப்டொப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு கார்டு செத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் மூலை முடுக்கெல்லாம் புகுகிற பனி ஈரமா, கார்டே போலியா, தெரியவில்லை. துடைத்தேன், மாற்றிச் செருகினேன், தெரிந்த சொப்ட்வெயர் எல்லாம் ஓட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

முதலாளி ஆறுதல் சொல்ல வந்தார். "பத்துல ஒன்னுதான டீச்சர் போச்சு? மிச்சம் ஒம்பது நல்லாத்தான இருக்கு?"

"அப்ப என் பாடத்துல பத்துல ஒம்பது பங்கக் குடுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

டீச்சர் சத்தம் போடவில்லை. "மத்த பாடத்துல பாஸ் பண்ணி, கணக்குல விழுந்தா அந்தப் புள்ளைக எங்க போகும்னு ஒங்களுக்குத் தெரியாதா? கொழும்புக் கடைக்கு வேலைக்குத்தான் போகும்" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகும் முதலாளி, "வெயிலு பட்டிருக்கும், சரியா வச்சிருக்க மாட்டாங்க" என்றார். எந்நேரமும் பனி மூடுகிற லிந்துலையில் வெயிலாம்! விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

அழிக்கச் சொன்ன போன்

அடுத்த நாள், டீச்சரின் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் காளியம்மா அக்கா தன் போனோடு வந்தார்.

"தங்கச்சி, எடமில்ல எடமில்லன்னு உசுர வாங்குது. உள்ள கெடக்குற கண்ட படத்தையும் அழிச்சிருங்க. எல்லாம் பெரியவன் ஏத்தி வச்சது."

மெமரி கார்டைத் திறந்தேன். கோவில் திருவிழா, கிரிக்கெட், சினிமாப் பாட்டு. அவற்றுக்கு நடுவே ஸ்டெல்லா டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்று முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். விரல் அழிக்கிற பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. பாடம் முதலிலிருந்து கடைசிவரை முழுசாக ஓடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அக்கா, இது மாதிரி மத்த வீட்டுப் புள்ளைக போன்லயும் இருக்குமா?"

"இல்லாம? ஒருத்தன்கிட்ட இருந்தா லயம் முழுக்க இருக்கும். வீடியோவுக்குச் சிக்னலு பத்தாதே, கைமாத்தித்தான பாக்குதுக."

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு கடைக்குக் கார்டுகள் வரத் தொடங்கின. கைக்குட்டையில் முடிந்து, பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்து, ஒன்று விபூதிப் பொட்டலத்தோடு. ஒருவன் கார்டு கெட்டிருந்தால் அடுத்தவனிடம் அதே பாடம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்தேன். மலிவான மெமரி கார்டுகளால் ஆன, நம்பக்கூடிய டிரைவ் ஒன்றை அன்றுதான் கண்ணால் கண்டேன். அது எங்கள் கடையில் செய்தது அல்ல.

பத்தில் ஒன்று

எல்லாப் பாடங்களும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. பின்னம் பாடத்தை ஒரு பிள்ளைகூட வைத்திருக்கவில்லை.

"எத ஒருத்தனும் பாக்கலன்னு இப்பதான் தெரியுது" என்று டீச்சர் சிரித்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "அந்தப் பாடத்த ஒங்க கடையிலயே எடுக்கலாமா?" என்று கேட்டார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இலவச விளம்பரம் அல்லவா? தலை சீவி, பவுடர் போட்டு, பச்சை போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போனைப் பிடித்தேன்.

டீச்சர் கேட்டார். "மொதலாளி, இதுல பத்துக் கார்டு இருக்கு. ஒன்னு கெட்டுப்போச்சு. மிச்சம் எத்தன?"

"ஒம்பது டீச்சர்!" கடை அதிரச் சொன்னார்.

டீச்சர் போர்டை வாங்கி லெப்டொப்பில் மாட்டி, அதன் முகத்தைப் போன் பக்கம் திருப்பினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"புள்ளைகளா, பத்துல ஒன்ன எடுத்தா மிச்சம் பத்துல ஒம்பது. இது பரீட்சைக்கு. இந்தக் கடையில மட்டும் பூச்சியம். இது வாழ்க்கைக்கு."

பரீட்சைக்கு முன் எல்லாப் பாடங்களும் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. யாரும் சீண்டாத பின்னம் பாடம்தான் இப்போது ராகலை முதல் வட்டவளைவரை எல்லாக் கார்டிலும் இருக்கிறது. கடைப் பக்கம் வருகிற பொடிசுகள்கூட, "அங்கிள், பத்துல ஒன்னு போனா மிச்சம் எத்தன?" என்று கேட்டுவிட்டு ஓடுகின்றன. முதலாளி இப்போது தோட்டத்து ஆட்களுக்கும் பெட்டி பிரிக்காத சாமான்தான் போடுகிறார். மனம் திருந்தி அல்ல, மானம் போய்.

தொழிலுக்கு வருகிறவர்களே, ஒரு பொருளைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பது வேறு, பத்துப் பேரிடமும் அது முழுசாக இருப்பது வேறு. நான் கற்றது இவ்வளவுதான். முதலாளி அதுவும் கற்கவில்லை. எந்த போன் பழுதுக்கு வந்தாலும் என் காதருகே வந்து, "அந்த வீடியோ இருந்தா மெதுவா அழிச்சிரு" என்கிறார்.

"அழிச்சு என்ன பிரயோசனம் மொதலாளி?" என்கிறேன். "பக்கத்து நிரைக்காரிகிட்ட முழுசா இருக்குங்களே."