திருப்பிப் படுக்க வைக்க இன்னொரு ஆள்

நர்ஸ் படிப்புல சேர்ந்ததும் கையில விளக்கைக் கொடுத்து, இந்த வேலைக்குக் கருணைதான் முக்கியம்னு உறுதிமொழி எடுக்க வைப்பாங்க. வார்டுல கால் வச்ச பிறகுதான் தெரியும், முக்கியம் இடுப்புன்னு. தைலம் தடவிக்கிட்டே டியூட்டிக்குக் கிளம்புற சக சிஸ்டர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதுசில்ல. நான் நீலசந்திராவிலேர்ந்து பஸ் பிடிச்சு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பொது வார்டு பார்க்கிறேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, வேலை போயிடும்.

ரேணுகாவும் நானும்

எங்க வார்டுக்கு ஏழுமலைன்னு ஒரு பெயிண்டர் வந்தார். ஸ்ட்ரோக். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு, பேச்சும் இல்ல. ஆள் நல்ல கனம். இப்படிப்பட்டவரை ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லன்னா படுக்கைப் புண் வரும், அதுல சீழ் வச்சா உயிருக்கே உலை வச்சிடும். திருப்ப ரெண்டு பேர் வேணும். அடியில விரிச்ச துணியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கணும். தனி ஆளா இழுத்தா தோல் வழண்டுடும்.

எனக்கு எதிர்ப்பக்கம் நின்னு பிடிச்சவ தும்கூர்ப் பொண்ணு ரேணுகா. மருந்து கலக்கிக்கிட்டே ஜெர்மன் பாஷை மனப்பாடம் பண்ணுவா. விசா வந்துது. அவ இடத்துக்கு ஆள் போடுங்கன்னு கேட்டேன், பார்க்கலாம்னாங்க. எங்க ஊர்ல பார்க்கலாம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். கடைசி டியூட்டியில ஏழுமலையைத் திருப்பி, முதுகுக்குத் தலகாணி கொடுத்துட்டு, அழுதுகிட்டே சொன்னா: "ஏனு மாடோது அக்கா, வேற என்ன பண்றது? இங்கேயே இருந்தா நாளைக்கு என்னைத் திருப்பிப் போடவே ரெண்டு பேர் வேணும்."

சம்பளமில்லாத ஸ்டாஃப்

அப்புறம் எதிர்ப்பக்கம் நிக்க யாரு? ஏழுமலையோட சம்சாரம் கஸ்தூரிதான். ஜீவனஹள்ளியில வீட்டு வேலை செய்றவங்க. அதை விட்டுட்டு கட்டில் பக்கத்துலயே கிடந்தாங்க. துணியைப் பிடிக்கக் கத்துக் கொடுத்தேன். தனியா மட்டும் இழுக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். தூக்குறப்ப எல்லாம் புருஷன்கிட்ட, "தோ ஆச்சு, தோ ஆச்சு"ன்னு பேசுவாங்க. அவர் கண்ணை மட்டும் திறந்து பார்ப்பார்.

கொஞ்ச நாள்ல பக்கத்துக் கட்டில்காரரைத் திருப்பவும் என்கூட வந்து நின்னாங்க. எனக்கு வெக்கமா இருந்துது. வேண்டாம்னு சொல்ல வக்கும் இல்ல. ரவுண்ட்ஸ் வந்த நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் மேடம் இதைப் பார்த்துட்டாங்க. நல்லதாப் போச்சு, இனியாவது ஒரு ஆள் அனுப்புவாங்கன்னு நெனச்சேன். மேடம் கஸ்தூரி தோளைத் தட்டிக் கொடுத்துட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாங்க: "எல்லா பேஷண்ட்டுக்கும் இப்படி ஒரு சொந்தக்காரங்க இருந்துட்டா நமக்கு ஸ்டாஃப் பிரச்சினையே வராது."

இன்ஸ்பெக்ஷன் திருவிழா

தரச் சான்றிதழ் கொடுக்கிற குழு வருதுன்னாங்க. அவ்வளவுதான், கிளை ஆஸ்பத்திரியிலேர்ந்தெல்லாம் நர்ஸுங்க வேன்ல வந்து இறங்கிட்டாங்க. கட்டிலுக்கு ஒரு ஆள் நிக்காத குறை. அன்னைக்கு ஏழுமலையை நேரம் தவறாம திருப்பினாங்க, முதுகு துடைச்சாங்க, தாடி கூட வழிச்சு விட்டாங்க. கஸ்தூரி கேன்டீன்ல போய் நிதானமா உக்காந்து சாப்பிட்டாங்க. நானும் சோத்தைச் சூடா சாப்பிட்டேன். சத்தியமா சந்தோஷமா இருந்துது. இப்படித்தானே இருக்கணும் ஒரு வார்டு!

சாயங்காலம் குழுவும் போச்சு, வேனும் போச்சு. கஸ்தூரி என் பக்கத்துல வந்து மெதுவா கேட்டாங்க: "இன்ஸ்பெக்ஷனுக்கு அவங்க நாளைக்கும் வருவாங்களா சிஸ்டர்?"

நான் இல்லாத வாரம்

அடுத்த வாரம், மேல்மாடி வார்டுல ஆளே இல்லன்னு என்னை அங்க அனுப்பினாங்க. எங்க வார்டுக்கு ஒரே ஒரு நர்ஸ். அந்தப் பொண்ணு ஊசி, மருந்து, சலைன்னு ஓடுவாளா, திருப்பிப் படுக்க வைப்பாளா? நான் திரும்பி வந்தப்ப ஏழுமலைக்கு இடுப்புக்குக் கீழே தோல் திறந்திருந்துது, காய்ச்சல் வேற கொதிச்சுது. புண் கட்டினோம், மருந்து ஏத்தினோம், ஐ.சி.யூ.வுக்கு மாத்தினோம். விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. போயிட்டார்.

உடம்பை வாங்க நின்ன கஸ்தூரியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு தன்னையே திட்டிக்கிட்டாங்க. ஒரே பக்கமா கிடந்ததாலதான்மா புண்ணு வந்துது, உங்களால இல்லன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவங்க கேக்கவே இல்ல. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன் சிஸ்டர், யாரும் வரல. நீங்க அத்தனை தடவை சொல்லியும் நான்தான் தனியா இழுத்துட்டேன். என் கையாலதான் அவர் போயிட்டார்."

வேலை பார்க்க ஆள் கிடைக்காத எங்க ஆஸ்பத்திரியில, பழியை ஏத்துக்க மட்டும் எப்பவும் ஒரு ஆள் கிடைச்சுடறாங்க.