பத்து இருபதுக்கு ஓர் ஊசித்துளை

எங்கள் பட்டறையில் இருந்த வண்டிக் கையேடுகள் எதற்கும் முதல் இருபது பக்கங்கள் கிடையாது. எண்ணெய் துடைக்கவும், ரொட்டி சுற்றவும், ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுக்கவும் அவற்றைக் கிழித்துவிட்டிருந்தோம். படங்கள் இருபத்தொன்றாம் பக்கத்தில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இருப்பது எச்சரிக்கை. அதை வைத்து ஒரு திருகைக்கூடக் கழற்ற முடியாது.

ஷெத்லியா வேலைக்கு வந்த முதல் வாரமே முழுக் கையேடு ஒன்று கேட்டாள். பட்டறைத் தலைவர் நூரியின் அலமாரியில், சோதனைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காக, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒன்று இருந்தது. அதை வாங்கிப்போனாள். ஒன்பது நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"படிச்சிட்டியா? எந்தப் பக்கம் வரைக்கும்?" என்றார் நூரி.

"இருபது வரைக்கும்."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் பிக்கப் ஓட்டுகிறவன், பெயர் ரிதா. எனக்கு எந்தப் பக்கமும் தெரியாது.

பாஸ்பேட் சுரங்கத்துக்கு லோடர்களும் புல்டோசர்களும் வாடகைக்கு விடும் கம்பெனி எங்களுடையது. கஃப்ஸா நகரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பதினாறு மெக்கானிக்குகளில் அவள் ஒருத்திதான் பெண். தேர்வெழுதி, பட்டியலில் பெயர் வந்து, மூன்று வருஷம் காத்திருந்து, நியமனக் கடிதத்தோடு வந்தாள். அலுவலகத்தில் உட்காருவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உடுப்பு மாற்ற இடமில்லை என்றார்கள். பேட்டரி அறையைக் கழுவி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வேலையில் இறங்குமுன் மோதிரத்தைக் கழற்றிப் பையின் உட்புறம் ஊக்கில் மாட்டுவாள். முக்காட்டு நுனியைக் கழுத்துக்குள் செருகிவிடுவாள். தூக்கி நிற்கும் லோடர் பக்கெட்டுக்கு அடியில் சும்மா போகமாட்டாள். இறக்க முடியாத பக்கெட்டாக இருந்தால் பழைய ரயில் கட்டைகளை இழுத்துவந்து அடுக்குவாள். ஒரு கட்டை அவள் எடையில் பாதி இருக்கும். யாரும் உதவிக்குப் போனதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

பிறகு அந்தச் சிவப்புப் பூட்டு. அவள் வேலை செய்யும் வண்டியின் பேட்டரி சுவிட்சை அணைத்து அதில் பூட்டை மாட்டுவாள். யாரும் தெரியாமல் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்கு. இரண்டு சாவிகள் வந்திருந்தன. ஒன்றை நூரியின் கண்ணெதிரிலேயே வெட்டிக் குப்பையில் போட்டாள். மற்றது அவள் உடுப்புப் பையில், மேலே பொத்தான் போட்டு.

ஆனால் பெயர் வாங்கித் தந்தது பூட்டு அல்ல, அட்டை. ஹைட்ராலிக் ஹோஸில், அந்த ரப்பர் குழாயில், எண்ணெய் கசிந்தால் நாங்கள் எல்லோரும் கையால் தடவிப் பார்ப்போம். அவள் பேரீச்சம்பழப் பெட்டி அட்டையைக் கிழித்து, ஒரு முழம் கம்பியின் நுனியில் குத்தி, அதை ஹோஸ் ஓரமாக நகர்த்துவாள். ஓட்டை இருக்கும் இடத்தில் அட்டை நனையும். முழு அழுத்தமென்றால் அட்டை துளைபடும்.

"என்னம்மா, ஈ ஓட்டுறியா?" என்பார் லஸ்ஹர்.

அவர்தான் அவளுக்குக் கர்தூனா என்று பெயர் வைத்தவர். எங்கள் பேச்சில் கர்தூனா என்றால் அட்டைப்பெட்டி. பெயர் ஒரே நாளில் சுரங்கம்வரை போய்விட்டது. சம்பளப் பட்டியல் ஒட்டும் பலகையில்கூட எவனோ பென்சிலால் அப்படி எழுதியிருந்தான். அவள் அழிக்கவில்லை.

லஸ்ஹர் எங்களில் மூத்தவர். இருபத்தெட்டு வருஷ வேலை. பேரிங்கில் விரல் வைத்து இது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பார். அத்தனை நாள்தான் ஓடும். பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து அந்த விரலுக்காகவே கார் அனுப்புவார்கள். "அட்டைக்கு என்னம்மா தெரியும்? இது இருக்கையில?" என்று சுட்டுவிரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டுவார். கோபத்தில் இல்லை. பெருமையில்.

ஏப்ரல் மாதம், காற்று அடிக்கும் நாள். மதிய ரயிலுக்குப் பாஸ்பேட் ஏற்றவேண்டிய லோடர் பட்டறைக்குள் நின்றது. தூக்குக்கைக்கு அடியில் எங்கோ புகை மாதிரி எண்ணெய். கசிவு தெரிவதற்காக எஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். ஷெத்லியா கம்பியும் அட்டையுமாக வருவதற்குள் லஸ்ஹர் கையை நுழைத்து ஹோஸைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்..." என்று கையை இழுத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. கம்பி ஏதோ குத்திருச்சு."

ஷெத்லியா அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். வலது சுட்டுவிரலில், முதல் மடிப்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. உடனே எஞ்சினை நிறுத்தினாள். பக்கெட்டை இறக்கினாள். லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி, தங்கியிருந்த அழுத்தத்தை வெளியேற்றினாள். சுவிட்சை அணைத்துப் பூட்டைப் போட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து இருபது. அண்ணே, உடனே கஃப்ஸாவுக்குப் போகணும்."

"எதுக்கு?"

"உங்களக் கம்பி குத்தல. எண்ணெய் உள்ள போயிருக்கு."

லஸ்ஹர் விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கப்பா, நான் சாகப்போறேனாம். என் செருப்ப யாருக்குக் கொடுக்கட்டும்?"

"செருப்பு வேண்டாம், உங்க பெஞ்ச எனக்குக் கொடுங்க!" என்றான் ஒருவன்.

இடைவேளை மணி அடித்தது. லஸ்ஹர் துணியில் கை துடைத்து, ஹரீஸா மிளகாய் விழுதும் மீனும் வைத்த ரொட்டியை எடுத்தார். வாய்க்குப் போகுமுன் ஷெத்லியா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

லஸ்ஹரின் ரொட்டியில் யாரும் கை வைத்ததில்லை.

"சாப்பிடக் கூடாது. மயக்க மருந்து கொடுப்பாங்க."

"பைத்தியமா உனக்கு?"

"இருக்கட்டும். இருநூத்தி எண்பது பார் அழுத்தத்துல அடிச்ச எண்ணெய் விரல்ல நிக்காதுண்ணே. உள்ளங்கைக்கு ஓடும். இப்ப வலிக்காது. சாயங்காலம் வலிக்கும். அப்ப போனா வெட்டத்தான் முடியும்."

சத்தம் கேட்டு நூரி வந்தார். வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார், பிறகு லோடரைப் பார்த்தார்.

"நர்ஸ்கிட்ட மருந்து போட்டுக்கட்டும். நீ அந்த ஹோஸ மாத்து. பன்னெண்டுக்கு ரயில்."

"நர்ஸால முடியாது ஐயா. அறுவை செய்றவங்க வேணும். நானும் கூடப் போகணும், என்ன எண்ணெய், எவ்வளவு அழுத்தம்னு அங்க சொல்லணும்."

"ஊசி குத்தினதுக்கு ஊர்வலமா? சரி, சாவியக் கொடு. வேற ஆள் மாத்தட்டும்."

"என் பூட்ட நான்தான் திறப்பேன்."

"அப்ப திற."

"திரும்பி வந்து திறக்கிறேன். ரிதா சீக்கிரம் கிளம்பினா நானும் சீக்கிரம் வருவேன்."

நூரி சுவர்ப் பக்கம் திரும்பினார். பட்டறையில் பூட்டு வெட்டும் கருவி மூன்று இருந்தது. மூன்றும் அவர் பார்வைக்கு எட்டும் சுவரில்தான் தொங்கின.

"இதுக்கு எழுத்துல பதில் சொல்ல வேண்டியிருக்கும், கர்தூனா."

"சொல்றேன்."

அவள் கம்பியிலிருந்து அட்டையை உருவி, சுண்ணாம்புக் கட்டியைத் தேடி, கிடைக்காமல், இரும்பில் கோடு போடும் மை பேனாவால் எழுதினாள். ஹைட்ராலிக் எண்ணெய் 46. இருநூற்றெண்பது பார். பத்து இருபது. வலது சுட்டுவிரல். ஒன்றும் சாப்பிடவில்லை.

லஸ்ஹர் என் வண்டியில் ஏறியது அவளை நம்பியதால் அல்ல. ரொட்டி அவள் கையில் இருந்தது.

முதல் இருபது கிலோமீட்டரும் கேலிதான். "ரிதா, இவ என்னக் கடத்துறா. என் வீட்டுக்காரிக்குச் சொல்லிடு, பணம் கேட்டா கொடுக்க வேண்டாம்னு."

ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒட்டகங்கள் மறித்து நின்றன. நான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது அவர் பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். விரலை மடக்க முயன்றுகொண்டிருந்தார். மடங்கவில்லை. மூட்டுக்கு மூட்டு வீங்கி, கத்திரிக்காய் நிறமாகியிருந்தது.

"கர்தூனா," என்றார் மெதுவாக. "நுனி இருக்கிற மாதிரியே தெரியல."

"கையக் கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்குங்கண்ணே. அழுத்தாதீங்க."

"வெட்டிருவாங்களா?"

"நேரத்துக்குப் போறோம்."

லஸ்ஹர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அந்தச் சாலையில் அதுவரை போகாத வேகத்தில் போனேன்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு நிறைந்திருந்தது. வாந்தி எடுக்கும் குழந்தை, காலுடைந்த பையன், தலையில் ரத்தத்தோடு ஒருவர். லஸ்ஹர் கையில் ஒரு துளை. ஷெத்லியா யாரையும் தள்ளவில்லை. இளம் டாக்டர் ஒருத்தி கடந்துபோனபோது அவள் முன்னால் அட்டையை நீட்டினாள்.

"படிங்க. அஞ்சு வரிதான்."

டாக்டர் நடந்துகொண்டே படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தைந்து. லஸ்ஹரின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே அறுவை அறைக்குத் தொலைபேசியில் பேசினாள். அட்டையைத் திருப்பித் தரவில்லை. அது லஸ்ஹரோடு உள்ளே போனது.

மூன்று மணி நேரம். நடைபாதை பெஞ்சில் ஷெத்லியா ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி எனக்குக் கொடுத்தாள்.

அறுவை செய்த டாக்டர் வெளியே வந்தார். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை நடுவரை திறந்ததாகவும், எண்ணெய் அதுவரை போயிருந்ததாகவும் சொன்னார். இன்னொரு முறை திறந்து கழுவ வேண்டும். விரல் தப்பிவிடும். கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம்.

"நாளைக்கு வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்போம். அட்டையில எழுதினது யாரு? நர்ஸா?"

"மெக்கானிக்," என்றேன் நான், அவள் வாய் திறக்கும் முன்.

அவர் அவளுக்குக் கை கொடுத்தார். அவள் தன் கையை உடுப்பில் இருமுறை துடைத்துவிட்டுத்தான் நீட்டினாள். அந்தக் கணம் நான் எங்கள் பட்டறை முழுவதற்கும் சேர்த்து நிமிர்ந்து நின்றேன்.

நூரிக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். எண்ணெய் உள்ளங்கைவரை போயிருந்ததையும் சொன்னேன்.

"லோடர் அப்படியேதான் நிக்குது," என்றார். "பூட்டத் தொடல. ரயில் போயிடுச்சு. போகட்டும்."

"சாவிய நான் மட்டும் கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். அவகிட்டயே இருக்கட்டும்."

எழுத்தில் பதில் கேட்ட கடிதம் வரவே இல்லை. அதற்குப் பதிலாகப் பதினாறு பூட்டுகள் வந்தன. அலமாரியிலிருந்த கையேட்டின் முதல் இருபது பக்கங்களை நகலெடுத்து நூரியே சுவரில் ஒட்டினார். அதிலும் ஒரு பக்கத்தை எவனோ ரொட்டி சுற்றக் கிழித்தான். அடுத்த நாள் அவனே புதிதாக ஒட்டினான்.

லஸ்ஹர் ஆகஸ்டில் திரும்பினார். விரலில் நீளமாகத் தழும்பு. முழுதாக மடங்காது. சுட்டிக் காட்டுவதற்கு இன்னும் வசதி என்றார். அவர் இல்லாத மாதங்களில் பட்டறை மாறியிருந்தது. யாரும் அவளைக் கர்தூனா என்று கூப்பிடுவதில்லை. ஸெயிதா ஷெத்லியா என்றார்கள், பள்ளி ஆசிரியையைக் கூப்பிடுவதுபோல.

முதல் நாளே ஒரு புல்டோசரில் கசிவு. லஸ்ஹர் அதன் அருகே போனார். எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் நின்றார். திரும்பினார்.

"ஸெயிதா ஷெத்லியா, ஒரு துண்டு அட்டை கிடைக்குமா?"

அவள் ரயில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது மறுமுனையை ஒருவன் பிடித்திருந்தான். நிமிராமலே சொன்னாள்:

"பெட்டி அங்க இருக்கு. நீங்களே கிழிச்சுக்குங்க. அப்புறம், என் பேரு கர்தூனா."