முப்பத்தொரு கையெழுத்து

லைன் அக்காவுக்கு முப்பத்தொரு விதமாகக் கையெழுத்துப் போடத் தெரியும். திறமை என்று சொன்னால் சிரிப்பாள், குற்றம் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். அவள் வேலை பார்த்த தையல் ஆலையில் அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். தீ பாதுகாப்பு வகுப்பு நடந்ததா? நடந்தது என்று தாள் சொல்லும். கண் பரிசோதனை? அதற்கும் தாள் இருக்கும். ஆடிட் வருகிறது என்றால் முதல் நாள் ஆபீஸிலிருந்து ஒரு கத்தை இறங்கும். லைனில் இருக்கும் முப்பத்தொரு பேரையும் மிஷினைவிட்டு எழுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் துணியை யார் தைப்பது? அக்கா நாலு பேனாவோடு நூல் ரூமுக்குள் போவாள். சாய்த்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று, இடது கையால் கோணலாக ஒன்று. அரை மணி நேரத்தில் கத்தை மேலே போய்விடும்.

அதில் ஒரு எழுதாத சட்டமும் உண்டு. தாளில் என்ன கேட்டிருந்தாலும் டிக் முதல் கட்டத்தில்தான் விழ வேண்டும். இரண்டாவது கட்டத்தில் விழுந்தால் ஆடிட்டர் ஏன் என்று கேட்பார், மேனேஜர் காட்டுக் கத்தலாகக் கத்துவார். எந்த மடையன் அந்த வம்பை விலைக்கு வாங்குவான்?

பத்தொன்பது வயதில், இடுப்பில் கைக்குழந்தையோடு, பிசிறு வெட்ட வந்தவள் அவள். கட்டியவன் லாரி ஓட்டுகிறவன், மாதம் ஒருமுறை தலைகாட்டுவான். பிசிறிலிருந்து தையலுக்கு ஏறி, ஒன்பது வருஷமாக லைன் சூப்பர்வைசர். தைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி அடுத்த பக்கம் வந்துவிட்டது. நகம் இன்றைக்கும் பிளந்துதான் வளர்கிறது.

மகள் அந்த நகத்தைப் பார்த்து வளர்ந்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு கருவி செய்தாள். மிஷினுக்கு மேலே ஒரு சின்ன கேமரா, அது தைக்கிற கைகளை மட்டும் பார்க்கும், கை ஓய்ந்து தடுமாறினால் ஊசி இறங்குவதற்குள் ஒலி கொடுக்கும். அவளும் தோழர்களும் சேர்ந்து கல்லூரியில் இரண்டு நாள் விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். எதையும் கண்டுபிடித்துவிட்டால் போதாது, அதனால் யாருக்கு என்ன கேடு வரும் என்றும் மேடையிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது விழாவின் விதி. நடத்துவது முழுக்கப் பிள்ளைகள்தான், பெரியவர்களுக்குப் பார்வையாளர் நாற்காலி மட்டும். நல்ல பிள்ளைகள். சில நேரம் பயம் வருகிற அளவுக்கு நல்ல பிள்ளைகள்.

மேனேஜர் ஆலைக்குப் பெயர் கிடைக்குமே என்று இரண்டு வாரம் படம்பிடிக்க அனுமதித்தார். மகள் ஒவ்வொரு தையல்காரிக்கும் ஒன்றாகத் தாள் அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அதில் இரண்டு கட்டங்கள். ‘என் பதிவை நிர்வாகம் பார்க்கலாம்’, ‘பார்க்கக் கூடாது’.

“வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லும்மா. யாரையும் அவசரப்படுத்தாதே,” என்றாள்.

“எனக்குத் தெரியாதா? நீ போய் உன் வேலையைப் பாரு.”

அந்த வாரம் பார்த்து ஷிப்மென்ட் தலைக்கு மேல் இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவளையே முறைத்து உட்கார வைத்த வாரம். புதன்கிழமை மதியம் அக்கா நாலு பேனாவோடு நூல் ரூமுக்குள் போனாள். முகம்கூடத் தெரியப்போவதில்லை, வெறும் கைதானே, பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தாள். முப்பத்தொரு தாளிலும் முதல் கட்டத்தில் டிக் போட்டாள்.

விழாவன்று அவள் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் மைக்கைப் பிடித்து அந்த நகத்தின் கதையைச் சொன்னபோது அக்கா அந்த விரலைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும், அப்படித்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்த மேனேஜர் எழுந்து நின்றார்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. இதுல அடிக்கடி ஓயற கை எது?”

“அவங்க சம்மதிச்சிருந்தாதான் சார் சொல்லுவோம்.” மகள் பெருமையாகவே சொன்னாள். ஃபைலைப் புரட்டினாள். “சம்மதிச்சிருக்காங்க. பதினேழாவது மிஷின்.”

திரையில் இரண்டு கைகள் வந்தன. வலது கை துணியைத் தள்ளிக்கொண்டே வந்து சட்டென்று செத்து விழுந்தது. இடது கை அதைத் தூக்கி மறுபடி துணிமேல் வைத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அப்படியே.

பதினேழாவது மிஷின்காரிக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுடைய பண்டிலில் பாதியைப் பதினாறும் பதினெட்டும் தைத்துவிடுவார்கள். காதும் காதும் வைத்தாற்போல் அதை நடத்திவந்தவளே அக்காதான். லைனில் எல்லோருக்கும் தெரியும், மேலே ஒருவருக்கும் தெரியாது. நேற்றுவரை தெரியாது.

கேள்வி கேட்கும் குழுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் மைக்கை இழுத்தாள். “முப்பத்தொரு பேர்ல ஒருத்தர்கூட ‘பார்க்கக் கூடாது’ன்னு போடலையா?”

“இல்ல. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்தது.”

“படிச்சுப் பார்த்துத்தான் போட்டாங்களா?”

“எங்கம்மாதான் வாங்கிட்டு வந்தாங்க. இங்கதான் இருக்காங்க.”

மைக் நாலாவது வரிசைக்கு வந்தது. ‘ஆமா, படிச்சுத்தான் போட்டாங்க’ என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆடிட்டர்களிடம் எத்தனை தடவை சொன்ன வாய்! மகள் மேடையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். திரையில் இடது கை மறுபடி வலது கையைத் தூக்கியது.

“அதை நிறுத்துங்க,” என்றாள் அக்கா. “முதல்ல அதை நிறுத்துங்க. யாரும் படிக்கல. யார் கைக்கும் தாள் போகவே இல்ல. நான்தான் போட்டேன், எல்லாத்தையும்.”

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. திரையை அணைத்தாள். கருவியை விழாவிலிருந்து விலக்கிக்கொள்வதாக இரண்டே வரியில் சொல்லிவிட்டு இறங்கினாள். மேனேஜர் சின்னப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பஸ் புறப்பட்டதும் மகள் கேட்டாள்.

“கையெழுத்தை விடும்மா. ‘பார்க்கலாம்’னு எதுக்கு டிக் போட்டே?”

“முதல் கட்டம் அதுதானே?”

மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். “அதை முதல்ல வெச்சது நான்தான்,” என்றாள். பிறகு அழுதாள். அக்கா தோளில் கை வைத்தாள், மகள் நகர்ந்துகொள்ளவில்லை, சாயவும் இல்லை.

ஞாயிறு முழுக்க அக்கா பதினேழாவது மிஷின்காரிக்குப் போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தாள். என்னவென்று சொல்வது?

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் கூப்பிட்டார்கள். கேட்டால், மண்டபத்தில் உளறியதைப் பற்றி மேனேஜர் பிறகு பேசுவாராம், இப்போது வேறு வேலையாம். ஆபீஸ் அம்மா ஒரு தாளை நீட்டினாள். ‘சொந்தக் காரணங்களால் நானாகவே வேலையிலிருந்து விலகுகிறேன்.’ கீழே பதினேழாவது மிஷின்காரியின் பெயர்.

“அந்தம்மாவைக் கூப்பிட்டா அழுது ரகளை பண்ணும். வழக்கம்போல நீங்களே போட்டு அனுப்பிடுங்க.”

அக்கா தாளை வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை நூல் ரூமுக்குப் போகவில்லை. நேராக லைனுக்குப் போய்ப் பதினேழாவது மிஷினை அணைத்தாள். அதுவே லைனில் பெரிய அதிசயம், பதினாறும் பதினெட்டும் தலைநிமிர்ந்தார்கள். அவர்கள் காதுபடவே எல்லாவற்றையும் சொன்னாள். கேமரா, இரண்டு கட்டம், நாலு பேனா, மேனேஜரின் கேள்வி, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்துத் தாளை மேஜைமேல் வைத்தாள்.

“படிச்சுப் பாரு. உனக்கு இஷ்டம் இல்லைன்னா போடாதே. நான் போட மாட்டேன்.”

பதினேழாவது மிஷின்காரி எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். வலது கை மடியில் கிடந்தது. படித்து முடித்து அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதையாவது என்கிட்ட கொண்டுவரணும்னு தோணுச்சேக்கா.”

அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அதற்குள் பதினேழாவது மிஷின்காரி இடது கையாலேயே தாளைத் திருப்பி நீட்டிவிட்டாள்.

“போட மாட்டேன்னு போய்ச் சொல்லுங்க. அதையும் நீங்களே சொல்லிக்காதீங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

லைன் முழுக்க மிஷின்கள் நின்றிருந்தன. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, கையெழுத்தில்லாத தாளை எடுத்துக்கொண்டு அக்கா மாடிப்படி ஏறினாள்.