எறும்புக்கு வைத்த தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் புதிதாகக் குடிபோயிருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. வாய் கொஞ்சம் நீளம். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. கூடவே கொசுவும் வந்தது, அதுவும் பட்டப்பகலில்.

ஐப்பசி மழை விட்டதும் என் நான்கு வயது மகன் காய்ச்சலில் விழுந்தான். கை, கால் மூட்டைத் தொட்டாலே அலறினான். அவன் எழுவதற்குள் என் வீட்டுக்காரர் படுத்தார். பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கும் அதே காய்ச்சல். புது இடத்தில் எனக்கிருந்த ஒரே துணை அந்த அக்காதான். ஆனால் அவர் வீட்டு எருமைக்கு ஒரு பெரிய கல்தொட்டி உண்டு. எப்போதும் தண்ணீர் தளும்பும். காய்ச்சலைப் பரப்பும் கொசுவெல்லாம் அதிலிருந்துதான் வருகிறதென்று நானே முடிவு கட்டினேன். தெருவுக்கு வந்த சுகாதார அதிகாரியிடம் அக்காவின் காதுபடவே சொல்லியும்விட்டேன்.

அதிகாரி தொட்டித் தண்ணீரை அகப்பையில் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. எருமை குடிச்சுக் காலி பண்ணப் பண்ண இவங்க தினமும் புதுத்தண்ணி ரொப்பறாங்க. ஒரு வாரம் அப்படியே நிக்கிற தண்ணியிலதானுங்க கொசுப்புழு வளரும். உங்க ஊட்டுல அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எங்க ஊட்டுலயா? தினமும் கழுவி ஊத்தறவளுங்க நானு!" என்றேன் வெடுக்கென்று.

அக்கா விருட்டென்று உள்ளே போய்விட்டார். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

எனக்கு ஒரு கேள்வி தலைக்குள் புகுந்தால் சோறு இறங்காது. தொட்டியில் இல்லையென்றால் வேறெங்கே? குடம், அண்டா, உரல் குழி, கொல்லையில் கிடந்த ஓட்டைச் சட்டி வரை துழாவினேன். எங்கும் இல்லை. மூன்றாம் நாள், உருண்டோடிய எலுமிச்சம்பழத்தை எடுக்கச் சமையலறை அலமாரிக்கு அடியில் குனிந்தேன்.

நெய்க்கும் சர்க்கரைக்கும் எறும்பு ஏறாமலிருக்க, அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கல் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தோம். தினமும் காலையில் அவற்றை நிரப்புவதில் எனக்குப் பெருமை வேறு. ஊற்றினேனே தவிர ஒருநாளும் கொட்டவில்லை. அலமாரியைத் தூக்காமல் எப்படிக் கொட்டுவது? விளக்கைக் கொண்டுபோய்க் காட்டினால், ஐயோ, நான்கிலும் புழு நெளிகிறது!

அப்போதும் மனசு ஒப்பவில்லை. ஏதாவது தண்ணீர்ப் பூச்சியாக இருக்கும் என்று சிலதைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினேன். மகனும் நானும் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு அதையே பார்த்தோம். புழு சுருண்டது. இரண்டு நாளில் முதுகு பிளந்தது. உள்ளிருந்து ஒன்று மெல்ல எழுந்து, தன் தோலின் மேலேயே நின்று கால்களை உலர்த்தியது. கரிய கால்களில் வெள்ளை வளையங்கள். அடேயப்பா, என்ன வேலைப்பாடு! பகலில் எங்களைக் கடித்த அதே கொசு.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மகள் முனகுவது கேட்டது. புட்டியைக் கவிழ்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாதுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் புட்டியோடு போய் அக்கா முன்னால் நின்றேன்.

"அக்கா, இது எங்க ஊட்டுக் கொசுங்க. அலமாரிக்கு அடியில நானே தண்ணி ஊத்தி வளத்துப்போட்டேனுங்க."

"பாப்பாவக் கடிச்சது இதுதானா?"

"ஆமாங்க" என்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வா கண்ணு, அந்தக் கிண்ணத்தையெல்லாம் கொட்டிப்போடலாம். ஒத்தையில உன்னால அலமாரியத் தூக்க முடியாது."

என்னைத் திட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ மறுபக்கம் வந்து நின்று பாரத்தைத் தூக்கினார். அடுத்தவரைக் குறை சொல்ல நாக்கு துடிக்கும்போதெல்லாம், அலமாரிக்கு அந்தப் பக்கம் மூச்சுப் பிடித்து நின்ற அந்த முகம்தான் இன்றும் என் வாயை அடைக்கிறது.